19ஆம் நூற்றாண்டுப் பாரசீக மாகாணங்களின் ஏற்றுமதி: கீலான் பட்டின் இடத்தை இஸ்பஹான் அபினி பிடித்ததா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலும் காஸ்பியன் கரையிலும் இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலர்கள் அனுப்பிய வணிக அறிக்கைகளை என் முதுகலை ஆய்வேட்டுக்காக ஆறு மாதங்களாகப் படித்து வருகிறேன். கஜார் ஆட்சியின்கீழ் இருந்த மாகாணங்கள் 1860 முதல் 1900 வரை வெளிநாடுகளுக்கு அனுப்பிய விளைபொருள்களை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும் என்று தொடங்கினேன். அட்டவணை நீள நீள, நான் எழுத நினைத்த கதை கைநழுவிப் போகிறது.

காஸ்பியன் கரையில் உள்ள கீலானின் பட்டு 1864க்குப் பிறகு சரிந்து விழுகிறது. அதே பத்தாண்டில் நாட்டின் நடுப்பகுதியில் இஸ்பஹான், யஸ்த் பக்கங்களில் அபினி ஏறத் தொடங்குகிறது. பட்டின் இடத்தை அபினி பிடித்துக்கொண்டது என்று ஒரே வரியில் எழுதிவிடலாமா என்பது என் முதல் கேள்வி. 1870 முதல் 1872 வரை நாட்டை உலுக்கிய பெரும்பஞ்சத்துக்குக் கோதுமை நிலங்களில் அபினி தரும் கசகசாச் செடி வைத்ததே காரணம் என்று அக்காலத்து ஐரோப்பியர் பலர் எழுதியிருக்கிறார்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அடுத்தது. மேலும், பவுண்டுக் கணக்கில் பார்த்தால் 1880களில் ஏற்றுமதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே ஆண்டுகளில் பயணம் செய்தவர்களோ புதிய நிலங்கள் பயிருக்கு வந்ததை எழுதுகிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

என் கணக்கிலேயே பிழை இருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. அறிக்கைகளில் வரும் மணங்கு என்ற எடையளவை இந்திய மணங்காக எடுத்துக்கொண்டு 37 கிலோ என்று பெருக்கி வருகிறேன். அப்படிப் பெருக்கினால், அன்சலித் துறைமுகம் வழியாக ரஷ்யாவுக்குப் போன அரிசி, கீலான் முழுவதும் விளைந்திருக்கக்கூடிய அரிசியையே தாண்டிவிடுகிறது. வழிகாட்ட முடிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பழையநாணயம் எழுதியது:

அன்புள்ள வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது சரியாகாமல் மற்ற எதுவும் சரியாகாது. அந்த அறிக்கைகளில் எழுதப்பட்டிருக்கும் மணங்கு பெரும்பாலும் பாரசீகத்தின் 'மன்' என்ற எடை. எழுதியவர்கள் இந்தியப் பழக்கத்தில் அதே சொல்லைப் போட்டுவிட்டார்கள். தப்ரீஸ் மன் ஏறத்தாழ 3 கிலோ. ஷாஹி மன் அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 6 கிலோ அளவு. வளைகுடாத் துறைமுகமான பூஷெஹ்ரில் வழங்கிய ஹாஷிம் மன்னோ 56 கிலோவை ஒட்டியது. நம் பழைய சென்னை மணங்கு 11 கிலோவைச் சற்றுத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரே சொல்லுக்குள் எத்தனை எடைகள் ஒளிந்திருக்கின்றன என்பது விளங்கும். தப்ரீஸ் மன்னை 37 கிலோவாக எடுத்திருந்தால் தங்கள் அரிசி பன்னிரண்டு மடங்கு ஊதிப் போயிருக்கும். பெரிய அளவுகளைக் 'கர்வார்' என்று எழுதியிருப்பார்கள். கழுதைச் சுமை என்பது அச்சொல்லின் பொருள். நூறு தப்ரீஸ் மன், ஆகவே 300 கிலோ. ஒவ்வொரு அறிக்கையிலும் எந்த ஊரிலிருந்து எழுதினார்கள் என்பதைப் பார்த்து, அந்த ஊர் மன்னைக் கொண்டு பெருக்குங்கள்.

அடுத்து பவுண்டுக் கணக்கு. பாரசீகத்தின் நாணயமான கிரான் வெள்ளியால் ஆனது. 1870களில் ஜெர்மனி முதலான நாடுகள் தங்கத்துக்கு மாறியதால் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. 1870களின் நடுவில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 25 கிரான் கிடைத்தது. நூற்றாண்டின் முடிவில் 50 கிரானும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருந்தது. கிரானில் இரட்டிப்பான ஏற்றுமதி, பவுண்டில் மாறாமல் நிற்பதாகத்தான் தெரியும். தூதரக அலுவலர்கள் லண்டனில் படிப்பவர்களுக்காக எழுதியதால் எல்லாவற்றையும் பவுண்டுக்கு மாற்றினார்கள். தாங்கள் அதைத் திரும்பக் கிரானுக்கு மாற்றி, முடிந்த இடங்களிலெல்லாம் எடையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பயணிகள் கண்ட புதிய வயல்கள் தங்கள் அட்டவணையிலும் தெரியத் தொடங்கும்.

இனி முதல் கேள்வி. பட்டின் இடத்தை அபினி பிடித்தது என்று எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாட்டின் மொத்த ஏற்றுமதிப் பட்டியலில் ஒன்று இறங்க மற்றொன்று ஏறியது உண்மை. ஆனால் பட்டை இழந்த குடியானவரும் அபினியைப் பெற்ற குடியானவரும் ஒருவர் அல்லர். அவர்கள் இருந்த மாகாணங்களும் வேறு, தண்ணீரும் வேறு, வாங்கிய வணிகர்களும் வேறு. கீலானில் மழை கொட்டும். இஸ்பஹானில் ஸாயந்தே ரூத் ஆற்றையும் நிலத்தடிக் கால்வாய்களையும் விட்டால் பயிர் இல்லை. கீலானின் பொருள் காஸ்பியன் கடல் வழியாக ரஷ்யாவுக்கும், தப்ரீஸ், அர்சுரூம் வழியாகக் கருங்கடல் கரையிலுள்ள டிராப்சோனுக்கும் போயிற்று. இஸ்பஹானின் பொருள் தெற்கே பூஷெஹ்ருக்கு இறங்கியது.

அந்தத் தெற்கு வழியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பூஷெஹ்ரிலிருந்து ஷிராஸுக்கு ஏறும் வழியில், கஸேரூனைத் தாண்டியதும், 'கோத்தல்' எனப்படும் செங்குத்தான மலைப்படிகள் வருகின்றன. ஒன்றுக்குக் கன்னிக் கணவாய் என்றும் மற்றொன்றுக்குக் கிழவிக் கணவாய் என்றும் பெயர். சக்கரம் வைத்த வண்டி எதுவும் அங்கே ஏறாது. கோவேறு கழுதை ஒன்று தன் முதுகில் 130 கிலோ அளவுக்குச் சுமந்துகொண்டு, வழவழப்பாகத் தேய்ந்த பாறையில் குளம்பை ஊன்றி ஊன்றி ஏற வேண்டும். 'சார்வாதார்' என்ற சுமைவிலங்குக்காரருக்குக் கொடுக்கும் கூலி எடைக்கு ஏற்பத்தானே தவிர, பொருளின் விலைக்கு ஏற்ப அல்ல. இஸ்பஹான் கோதுமையை அந்த வழியாகக் கடற்கரைக்கு இறக்கினால் கூலியே கோதுமையின் விலையைத் தின்றுவிடும். ஒரு பெட்டி அபினி 60 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும்; இரண்டு பெட்டிகளை ஒரு கழுதையில் ஏற்றிவிடலாம்; அதன் விலையில் கூலி ஒரு சிறு துளி. நடுப்பகுதி மாகாணங்கள் எதை ஏற்றுமதி செய்தன என்பதை முடிவு செய்தது அந்தக் கழுதையின் முதுகு என்றே நான் கருதுகிறேன்.

கூடுவளர்ப்போர் எழுதியது:

பழையநாணயம் ஐயா சொன்னதோடு பட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நான் பட்டு வளர்ச்சித் துறையில், பட்டுப்புழு முட்டைகளைத் தயாரிக்கும் வித்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கீலானில் நடந்ததை வரலாறாக அல்லாமல் தொழிலாகப் பார்க்கும்போது சில விஷயங்கள் தெளிவாகின்றன.

புழுக்களைக் கொன்ற நோயின் பெயர் பெப்ரின். தெற்குப் பிரான்சின் பேச்சுமொழியில் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நோய்ப்பட்ட புழுவின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தோன்றும். ஒரே தட்டில் ஒரே நாளில் பொரித்த புழுக்களில் சில விரல்நீளம் வளர்ந்திருக்கும், சில நூல்போலவே நின்றுவிடும். தோல் உரிக்கும் நேரம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இதைக் கண்டதும் அனுபவமுள்ளவர்களுக்கு வயிறு கலங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், நோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடுகிறது. முட்டையைக் கண்ணால் பார்த்து எந்த வேறுபாடும் சொல்ல முடியாது.

1850களில் இந்நோய் பிரான்சையும் இத்தாலியையும் பாழாக்கியது. ஐரோப்பாவில் பட்டு குறைந்ததால் விலை ஏறியது. அந்த விலையில்தான் கீலான் உச்சத்துக்குப் போயிற்று. 1837 முதல் தப்ரீஸில் இருந்த ரல்லி என்ற கிரேக்க வணிக நிறுவனம் கீலான் பட்டைப் பெருமளவில் வாங்கியது. தூத்துக்குடிப் பருத்தி வணிகத்தைப் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே ரல்லிதான். பிறகு, 1864ஐ ஒட்டி, நோய் கீலானுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் கூட்டிலிருந்தே அடுத்த ஆண்டுக்கான முட்டையை எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்ததால், நோயும் வீட்டுக்குள்ளேயே ஆண்டுதோறும் பாதுகாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பழைய விளைச்சலில் ஒரு சிறு பங்கே மிஞ்சியது. ஜப்பானிலிருந்து முட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். அதுவும் நிலையான தீர்வாகவில்லை. ரல்லி நிறுவனமும் 1870களின் தொடக்கத்தில் பாரசீகத்தைவிட்டு விலகியது.

கீலானில் புழு வளர்க்கும் கொட்டகைக்குத் 'திலிம்பார்' என்று பெயர். கம்பங்களின்மேல் உயர்த்திக் கட்டி வைக்கோலால் வேய்ந்திருப்பார்கள். நம்மைப்போல இலையைக் கிள்ளிப் போடாமல், மல்பெரிக் கிளைகளை அப்படியே வெட்டிப் புழுக்களின்மேல் பரப்புவார்கள். கிளைமேல் கிளை அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். வேலை மிச்சம்தான். ஆனால் கழிவும் செத்த புழுவும் அடியிலேயே தங்கிவிடும். நோய் வந்த கொட்டகையில் இது எவ்வளவு கேடு செய்யும் என்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது.

லூயி பாஸ்தர் 1865இல் ஆய்வைத் தொடங்கி, சில ஆண்டுகளில் ஒரு வழியைக் கண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நீள்வட்டமாக மின்னும் நோய்வித்துக்கள் தெரிந்தால் அந்த முட்டைத் தொகுதியை அழித்துவிட வேண்டும். இன்றும் எங்கள் வித்தகத்தில் செய்வது இதுவேதான். ஒரு பூச்சியில் வித்து தெரிந்த நாளில் அந்த அறையே அமைதியாகிவிடும். பல நாள் உழைப்பைத் தீயில் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீலானுக்கு இவ்வாறு சோதித்த முட்டைகள் துருக்கியின் புர்சாவிலிருந்து 1890களில் பெருமளவில் வந்தன. அதன்பின் பட்டு மீண்டது. ஆனால் மீண்ட பட்டு பழைய பட்டு அல்ல. முன்பு கீலானிலேயே நூல் இழைத்து அனுப்பினார்கள். இப்போது உலர்த்திய கூடாகவே மார்சேய்க்கும் மிலானுக்கும் போயிற்று. முட்டை கொடுத்த வணிகரே கூட்டையும் வாங்கினார். இழைப்புக் கூலி கீலான் வீடுகளுக்கு வராமல் போய்விட்டது. வைகைக்கரை அவர்கள் தம் அட்டவணையில் நூலையும் கூட்டையும் ஒரே நிரலில் கூட்டிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். உலர்ந்த கூட்டில் ஒரு கிலோ நூல் எடுக்க மூன்று, நான்கு கிலோ கூடு வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மன் விஷயத்தில் நான் செய்த பிழை எனக்கே வெட்கமாக இருக்கிறது. கீலானின் தலைநகரான ரஷ்த்திலிருந்து வந்த அறிக்கைகளைத் தப்ரீஸ் மன்னாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். அரிசி இப்போது நம்பக்கூடிய அளவில் நிற்கிறது. கூடுவளர்ப்போர் ஐயா சொன்னதுபோல நூலையும் கூட்டையும் இனி தனித்தனியாகவே எழுதுவேன். அப்படியானால் கீலானில் பட்டின் இடத்துக்கு வந்தது அரிசிதானா? பஞ்சத்தைப் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

தென்கரையாள் எழுதியது:

ஆம், அரிசிதான். மல்பெரி நின்ற இடங்களில் பல நெல்வயல்களாயின. காஸ்பியனில் ரஷ்ய நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடியதும், 1870களிலிருந்து பாகூவில் எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றி ஒரு பெரிய ஊர் எழும்பியதும், கீலான் அரிசிக்குக் கடலுக்கு அப்பால் வாய்களைத் தந்தன. மலை ஏற வேண்டியதில்லை. அன்சலியில் ஏற்றினால் போதும். கனமான, விலை குறைந்த பொருளான அரிசி அங்கே ஏற்றுமதியானதும், அதைப்போலவே கனமான கோதுமை இஸ்பஹானில் ஏற்றுமதியாகாததும் பழையநாணயம் ஐயாவின் கூற்றையே உறுதி செய்கின்றன.

பஞ்சத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அபினியின்மேல் முழுப் பழியையும் போடுவது தவறு. 1869இல் தொடங்கி அடுத்தடுத்து மழை பொய்த்தது, பனியும் குறைந்தது. 1871–72 குளிர்காலத்தில் மக்கள் செத்து வீழ்ந்தார்கள். மாண்டவர்களைப் பற்றிய மதிப்பீடுகள் வெகுவாக வேறுபடுகின்றன. பதினைந்து லட்சமும் அதற்கு மேலும் என்று கணக்கிட்டவர்கள் உண்டு. கோடியை எட்டாத அல்லது சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாட்டில் அது எத்தகைய பேரழிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அபினி ஏற்றுமதியின் பெரும் பாய்ச்சல் எப்போது நிகழ்ந்தது என்று பாருங்கள். பஞ்சத்துக்கு முன்னால் அது வளரத் தொடங்கியிருந்தது. பல மடங்காகப் பெருகியதோ பஞ்சம் ஓய்ந்த பின், 1870களின் பிற்பாதியில். பின்னால் வந்த பெருக்கத்தை முன்னால் வந்த சாவுக்குக் காரணமாகக் காட்ட முடியாது. அபினி விளையாத ஊர்களிலும் மக்கள் மாண்டார்கள். சில மாகாணங்களில் ஆளுநர்களும் நிலக்கிழார்களும் செல்வர்களும் தானியத்தைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருந்தார்கள். ஓர் ஊரில் தானியம் இருந்தாலும் அடுத்த ஊருக்குக் கொண்டு போகும் சுமைவிலங்குகளே தீனியின்றிச் செத்துக்கொண்டிருந்தன. தந்திக் கம்பி வழியாகப் பஞ்சச் செய்தி லண்டனுக்குச் சில மணி நேரத்தில் போனது. ஒரு மூட்டைக் கோதுமையோ பூஷெஹ்ரிலிருந்து இஸ்பஹானுக்குப் போக வாரக்கணக்கில் ஆகும்.

பழையநாணயம் எழுதியது:

தென்கரையாள் அவர்கள் கூறிய கால வரிசை சரியானது, அதை ஏற்கிறேன். ஆனாலும் அபினியை முற்றிலும் விடுவித்துவிடவும் எனக்கு மனமில்லை. கசகசாவை இலையுதிர் காலத்தில் விதைத்து, வைகாசியை ஒட்டி அறுவடை செய்வார்கள். கோதுமையும் வாற்கோதுமையும் ஏறக்குறைய அதே பருவத்துப் பயிர்கள். முலாம்பழம், பருத்தி, நெல் ஆகியவை ஆறு வற்றும் கோடையில் தண்ணீர் கேட்பவை. கசகசாவோ மலைப்பனி உருகி ஆறு நிறைந்து ஓடும் வேளையில் தண்ணீர் குடித்து முடித்துவிடும். ஆகவே அது பருத்தியோடு போட்டியிட்டதைவிடக் கோதுமையோடுதான் அதிகம் போட்டியிட்டது. ஊருக்கு அருகில் இருந்த, நல்ல எரு விழுந்த, தண்ணீர் உறுதியான நிலங்களையே அது கேட்டது. மழை பொய்க்கும் ஆண்டில் கோதுமைக்குக் கடைசிப் புகலிடம் அந்த நிலங்கள்தாம். பஞ்சத்தை அபினி உண்டாக்கவில்லை. பஞ்சத்துக்குப் பின் பெருகிய அபினி, அடுத்த தட்டுப்பாட்டின்போது ஊருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய தானியத்தைக் குறைத்து வைத்தது என்று நான் எழுதுவேன்.

குடியானவர் ஏன் அதை விரும்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். காய் முற்றும் தருவாயில், வெயில் தாழ்ந்த பின், பல முனைகள் கொண்ட சிறு கத்தியால் காயின் மேல்தோலை மட்டும் கீறுவார்கள். ஆழமாகக் கீறினால் பால் உள்ளே வடிந்து வீணாகும். இரவெல்லாம் கசிந்து பழுப்பாக உறைந்த பாலை விடியற்காலையில், வெயில் ஏறும் முன், சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சில நாள்களில் ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்து போகும். இத்தனை வேலைக்கும் குடும்பத்தின் அத்தனை கைகளும் வேண்டும். ஆனால் வணிகர் விதைக்கும் காலத்திலேயே முன்பணம் கொடுத்தார். அந்தப் பணத்தால் வரி கட்ட முடிந்தது. ஷிராஸ், இஸ்பஹான் வணிகர்களிடமிருந்து பெட்டிகள் பூஷெஹ்ர், பந்தர் அப்பாஸ் வழியாக ஹாங்காங்குக்கும் லண்டனுக்கும் போயின. லண்டனில் மருந்து செய்பவர்கள் மார்ஃபின் அளவைச் சோதித்து வாங்கினார்கள். கலப்படம் மிகுந்த ஆண்டுகளில் பாரசீக அபினியின் பெயரே சந்தையில் கெட்டது.

மிளகுச்சந்தை எழுதியது:

பெரிய பயிர்களுக்கு நடுவே சிறிய பொருள்களை மறந்துவிட வேண்டாம் என்பதற்காகச் சில வரிகள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெருங்காய வணிகம் செய்கிறது. பந்தர் அப்பாஸிலிருந்து பம்பாய்க்குப் போன சரக்குகளின் பட்டியலில் பெருங்காயம் தவறாமல் இருக்கும். லார், கெர்மான் பக்கத்து மலைகளிலிருந்து வந்தது அது. இதை யாரும் விதைத்து அறுக்கவில்லை. சில ஆண்டுகள் வளர்ந்த காட்டுச் செடியின் அடியில் மண்ணை விலக்கி, வேரின் தலையைச் சீவி, கசிந்து உறையும் பாலை எடுத்து, மறுபடி மெல்லியதாகச் சீவி, இப்படிப் பல முறை எடுப்பார்கள். பாரசீக மக்கள் இதை அதிகம் உண்பதில்லை. விளைந்ததில் பெரும்பங்கு நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வந்து சேர்ந்தது. வேளாண்மை என்ற தலைப்பின்கீழ் இதைச் சேர்ப்பதா, காடுபடு பொருள் என்று தனியே வைப்பதா என்பதை வைகைக்கரை அவர்கள் முடிவு செய்யட்டும்.

யஸ்த் பகுதியில் துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரும் பயிராயிற்று. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அந்தச் சாயத்தின் உயிர்ப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். அதன்பின் அந்த வேருக்கு வெளிநாட்டில் மதிப்பில்லாமல் போயிற்று. யஸ்த் குடியானவர்கள் அபினிக்கு மாறியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

மஞ்சிட்டியைப் பற்றி நான் எண்ணியே பார்க்கவில்லை, நன்றி. இன்னும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 5 விழுக்காட்டுச் சுங்கம்தான் பாரசீக வணிகத்தைக் கெடுத்தது என்று படித்தேன். 5 விழுக்காடு அவ்வளவு குறைவா? விளைபொருளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தென்கரையாள் எழுதியது:

1828இல் ரஷ்யாவோடு செய்த துர்க்மென்சாய் உடன்படிக்கையை ஒட்டி அந்த 5 விழுக்காடு வந்தது. 1841இல் பிரிட்டனும் அதே சலுகையைப் பெற்றது. பிறகு மற்ற நாடுகளும் பெற்றன. அயல்நாட்டு வணிகர் எல்லையில் ஒரு முறை 5 விழுக்காடு கட்டிவிட்டால் உள்நாட்டில் வேறு எதுவும் கட்ட வேண்டியதில்லை. பாரசீக வணிகரோ ஒவ்வொரு நகரத்திலும் சுங்கமும், வழிநெடுக 'ராஹ்தாரி' எனப்படும் பாதைக் காவல் வரியும் கட்ட வேண்டும். விகிதம் சிறியதாகத் தெரிந்தாலும் நான்கு ஊர் தாண்டும்போது கூடிவிடும். எனவே உள்ளூர் வணிகர் சிலர் தம் சரக்கை அயல்நாட்டார் பெயரில் அனுப்பினார்கள். அட்டவணையில் ஒரு சரக்கு பிரிட்டிஷ் சரக்கு என்று இருப்பதால் அதன் மூலதனமும் பிரிட்டிஷ் மூலதனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாகாணச் சுங்கங்களை ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருந்ததால், குத்தகைதாரர் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து சரக்கை இழுக்க 5 விழுக்காட்டுக்கும் குறைவாக வாங்கிக்கொள்வதும் உண்டு. 1898இல் சுங்க நிர்வாகத்துக்குப் பெல்ஜிய அலுவலர்கள் வரத் தொடங்கிய பிறகே கணக்கு ஓரளவு சீரானது. ஆகவே 1900ஐ ஒட்டி ஏற்றுமதி திடீரென்று கூடியதாகத் தெரிந்தால், அதில் ஒரு பகுதி எண்ணும் முறை மாறியதால் வந்தது.

புகையிலையையும் இதோடு பார்க்க வேண்டும். ஷிராஸ், இஸ்பஹான், காஷான் பகுதிகளின் 'தம்பாகு' நீர்க்குழலில் புகைப்பதற்கானது. துருக்கிப் பேரரசின் நகரங்களில் அதற்கு நிலையான சந்தை இருந்தது. 1890 மார்ச்சில் பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா புகையிலையின் உள்நாட்டு விற்பனை, ஏற்றுமதி இரண்டுக்குமான தனியுரிமையை 50 ஆண்டுகளுக்கு டால்பட் என்ற ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். ஈடாக ஆண்டுக்கு 15,000 பவுண்டும் நிகர இலாபத்தில் கால் பங்கும் அரசுக்கு. குடியானவருக்கும் வணிகருக்கும் இடையே முன்பணத்தால் கட்டப்பட்டிருந்த உறவு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பதாக அது அமைந்தது. ஷிராஸிலும் தப்ரீஸிலும் இஸ்பஹானிலும் எதிர்ப்பு எழுந்தது. 1891 டிசம்பரில் சமர்ராவில் இருந்த மூத்த ஷியா மார்க்க அறிஞர் மிர்ஸா ஹசன் ஷிராஸியின் பெயரால் புகையிலையை விலக்கும் மார்க்கத் தீர்ப்பு பரவியதும் நாடெங்கும் மக்கள் நீர்க்குழலைக் கீழே வைத்தார்கள், அரண்மனைக்குள்ளும் வைத்தார்கள். 1892 ஜனவரியில் உரிமை முழுவதும் நீக்கப்பட்டது. நிறுவனத்துக்கு இழப்பீடாகக் கொடுத்த 5,00,000 பவுண்டை வளைகுடாத் துறைமுகச் சுங்கத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கினார்கள். தங்கள் அட்டவணையில் வரும் பூஷெஹ்ர், பந்தர் அப்பாஸ் சுங்க வருமானம் அதன்பின் அந்தக் கடனுக்குக் கட்டுப்பட்டது.

பழையநாணயம் எழுதியது:

தங்கள் அட்டவணையின் கோதுமை நிரலைப் பற்றி ஒரு சொல். கடலுக்கு அருகிலிருந்த தஷ்தஸ்தான், காரூன் ஆற்றுப் பகுதிகளிலிருந்து நல்ல ஆண்டுகளில் கோதுமையும் வாற்கோதுமையும் கப்பலேறின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும், 1888இல் காரூன் அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் திறக்கப்பட்ட பிறகும் அது எளிதாயிற்று. சில ஆண்டுகளுக்கு எதிரே வெறும் கோடு இருப்பதைக் காண்பீர்கள். அதைச் சுழியம் என்று எழுதிவிடாதீர்கள். உள்நாட்டில் ரொட்டி விலை ஏறும்போதெல்லாம் அரசு தானிய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தடை இருந்தும் ஆளுநருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுச் சிறு துறைகளில் இரவில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். அத்தகைய ஆண்டுகளுக்கு எதிரே 'தடை' என்று எழுதி வையுங்கள். அதே ஆண்டில் பம்பாயிலிருந்து பூஷெஹ்ருக்கு அரிசி எவ்வளவு இறங்கியது என்பதை இறக்குமதி நிரலில் தேடி அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.